சித்திரையில் வெறிச்சோடும் சதுப்பு: கோடியக்கரைப் பறவைகள் எங்கே போகின்றன, எதைத் தின்றுவிட்டுப் போகின்றன?

ஜனவரியில் வேதாரண்யம் சதுப்பைப் பார்த்தவர் ஏப்ரல் கடைசியில் அதே இடத்துக்குப் போனால் திகைத்துப்போவார். தண்ணீர் நின்ற இடமெல்லாம் வெடித்த களிமண். ஆயிரக்கணக்கில் உள்ளான்கள் மேய்ந்த பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருக்கும். பூநாரைக் கூட்டம் நின்ற திசையில் கானல்தான் ஆடும். மறுநாளே ‘பறவைகள் மாயம்’ என்று ஒரு படம் கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பிக்கும். காரணமும் கூடவே வந்துவிடும்: செல்போன் கோபுரம், வெயில், விஷம்.

பெரும்பாலும் இவை எதுவும் காரணமில்லை. குஞ்சு பொரிக்கும் ஊருக்கு அவை கிளம்பிவிட்டன, அவ்வளவுதான். ஆனால் அதோடு விட்டுவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி தப்பிவிடுகிறது. பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டிய பறவை, அதற்கு வேண்டிய கொழுப்பை இங்கே தின்று சேர்த்துக்கொண்டதா? ஜனவரிக் கணக்கெடுப்பு எத்தனை வந்தன என்று சொல்லும். அவை ஒழுங்காகக் கிளம்பினவா என்பதை மார்ச்சும் ஏப்ரலும்தான் சொல்லும். அந்த இரண்டு மாதங்களில் கடற்கரையில் என்ன நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் இடம்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்முனையில், வங்கக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் மூலைதான் கோடியக்கரை. ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை. மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக்காடு வரைக்கும் நீளும் பெரிய உப்புச் சதுப்பு. 1967இல் சரணாலயமானது. 2002இல் சதுப்பையும் அலையாத்தியையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் ஏறியது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான பட்டியல் அது.

பறவை பார்ப்பவர் இந்த இடத்தைப் பற்றி இரண்டு விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. இங்கே ஓதம் சிறியது. குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் கடல் ஒரே நாளில் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அங்கே ஓத அட்டவணையைப் பார்த்தே பறவை எப்போது எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம். நம் பக்கத்தில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் சேறு எப்போது தலைகாட்டும் என்பதில் நிலாவைவிட மழைக்கும் காற்றுக்கும்தான் பங்கு அதிகம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை சதுப்பை நிரப்புகிறது. ஜனவரியிலிருந்து தண்ணீர் மெல்ல வற்றுகிறது. வற்ற வற்ற, விளிம்பில் புதிது புதிதாக ஈரச்சேறு திறந்துகொண்டே போகிறது.

2. இது உப்பு விளையும் ஊர். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்தது இதே வேதாரண்யத்துக்குத்தான். ஏப்ரலில் இங்கே உப்பெடுப்பு மும்முரமாக இருக்கும். பறவை கிளம்பும் மாதமும் அதுவே. ஒரே சதுப்பில் இந்த இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

சில சொற்கள்

வலசை என்றால் பருவம் தவறாமல் நடக்கும் போக்குவரத்து. இரை தேடி அங்குமிங்கும் அலைவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இலையுதிர் காலத்தில் தெற்கே வருவதும் வலசைதான், வேனிலில் வடக்கே திரும்புவதும் வலசைதான். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

கரைப்பறவை என்பது உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான், மூக்கன், பவளக்காலி, கல்திருப்பி எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர். ஈரச்சேற்றிலும் ஆழமில்லாத தண்ணீரிலும் புழு பூச்சிகளைப் பொறுக்கித் தின்பவை.

இடைத்தங்கல் என்பது வழியில் இறங்கி இரையெடுக்கும் இடம். வான்வழித்தடம் என்பது கிளம்பும் ஊர், இடைத்தங்கல்கள், போய்ச் சேரும் ஊர் எல்லாம் அடங்கிய பெரும்பாதை. நம் கரை மத்திய ஆசிய வான்வழித்தடத்தில் இருக்கிறது. ஆர்க்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை ஏறத்தாழ 30 நாடுகள் இதற்குள் வருகின்றன.

எல்லாப் பறவையும் சைபீரியாவுக்குப் போவதில்லை

தமிழ்ச் செய்தியில் வலசைப் பறவை என்றால் ‘சைபீரியாவிலிருந்து வந்தது’ என்று எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. பாதி தப்பு. யார் எங்கே போகிறார்கள் என்பது தெரிந்தால்தான் யார் எப்போது கிளம்புவார்கள் என்பதும் புரியும்.

பழுப்புத்தலைக் கடற்காகத்தின் ஊர் திபெத் பீடபூமியும் நடு ஆசிய மலைகளும். அங்கே உயரத்தில் இருக்கும் ஏரிக்கரைகளில் முட்டையிடுகிறது. சிறிய மணல் உப்புக்கொத்தி என்று நாம் இத்தனை நாள் அழைத்ததை அறிவியலாளர்கள் அண்மையில் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நம் கரைக்குப் பெரும்பாலும் வருவது திபெத்திய மணல் உப்புக்கொத்தி. கோடியக்கரையிலிருந்து அதன் ஊர் சுமார் 2,500 கி.மீ. தூரத்தில் தொடங்குகிறது. நடுவில் இமயம். சோளக்காட்டில் கூட்டமாக இறங்கும் சூறைக்குருவி கஜகஸ்தான் போன்ற புல்வெளி நாடுகளுக்குப் போகிறது. அங்கே வெட்டுக்கிளிதான் அதற்குச் சாப்பாடு. பெரிய பூநாரைகள் முட்டையிடும் பேர்போன இடம் கட்ச் ரண். இந்தியாவை விட்டே போக வேண்டியதில்லை. நண்டு உண்ணி மேற்கே பாரசீக வளைகுடா, செங்கடல் பக்கம் போய் மணலில் வளை தோண்டி முட்டையிடுகிறது.

உண்மையிலேயே சைபீரியாவின் உச்சிக்குப் போகிறவையும் இருக்கின்றன. கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி, கல்திருப்பி ஆகியவை ஆர்க்டிக் தூந்திரத்தில், அதாவது மரமே வளராத வடகோடிக் குளிர்நிலத்தில், கூடு கட்டுபவை. ஆங்கிலத்தில் கர்லூ சாண்ட்பைப்பர் எனப்படும் வளைமூக்கு உள்ளானின் முக்கியமான தாயகம் டைமிர் தீபகற்பம். நேர்கோட்டில் அளந்தாலே கோடியக்கரையிலிருந்து 7,000 கி.மீ.க்குக் குறையாது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னாரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஹியூக்ளின் கடற்காகம் ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போய்வந்தது பதிவாகியிருக்கிறது.

கேட்கும்போது முரணாகத் தோன்றும் ஒரு விஷயம் இதில் உண்டு. அதிக தூரம் போக வேண்டியவை பொதுவாகக் கடைசியில்தான் கிளம்புகின்றன. டைமிரில் பனி உருகவே ஜூன் ஆகிவிடும். முன்கூட்டிப் போய் நின்றால் தின்ன ஒன்றும் கிடைக்காது. அதனால் வாத்துகளும் கடற்காகங்களும் மார்ச்சிலேயே மெலியத் தொடங்கும்போது, ஆர்க்டிக் உள்ளான்கள் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் வரைக்கும் இருந்து தின்றுகொண்டிருக்கும்.

இங்கே ஒரு தவறான கணக்கையும் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகு ஓடவில்லை, கழிவு மீன் இல்லை, அதனால்தான் கடற்காகம் போய்விட்டது என்று துறைமுகத்தில் சொல்வார்கள். தேதி ஒத்துப்போகிறது என்பது சரி. ஆனால் தடையே இல்லாவிட்டாலும் அவை அந்த வாரங்களில் போகத்தான் செய்யும். வற்றாத மீன்கழிவைக் காட்டினாலும் முட்டையிடும் பருவத்தில் கடற்காகத்தைப் பிடித்து வைக்க முடியாது.

நாள் வந்துவிட்டது என்று எப்படித் தெரிகிறது?

பகல் நீள்வதைப் பார்த்துப் பறவை கிளம்புகிறது என்பது பாடப்புத்தகப் பதில். ஐரோப்பாவில் அது நன்றாகப் பொருந்தும். கோடியக்கரை இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து 10 டிகிரி வடக்கே. இங்கே ஆண்டின் குறுகிய பகலுக்கும் நீண்ட பகலுக்கும் உள்ள வித்தியாசமே ஒன்றேகால் மணி நேரம் அளவுதான். டைமிரில் பனி உருகும் நேரத்தை வேதாரண்யத்துப் பகல் எப்படிச் சொல்லும்?

விடையின் ஒரு பாதி பறவையின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் குவின்னர், வலசைப் பறவைகளைப் பகலும் இரவும் மாறாத அறையில் நீண்ட காலம் வளர்த்துப் பார்த்தார். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. வெளியே பருவம் மாறுவது தெரிய வழியே இல்லை. அப்படியும் அவை உரிய முறை வந்ததும் இறகு உதிர்த்தன, கொழுத்தன, இரவில் தூங்காமல் தத்தளித்தன. அந்தச் சுழற்சி ஏறக்குறைய ஓராண்டு நீளம், துல்லியமாக 12 மாதம் இல்லை. உள்ளே ஓடும் அந்த ஆண்டுக் கடிகாரத்துக்கு வெளியே இருக்கும் பகல் நீளம் சாவி கொடுத்துச் சரிசெய்கிறது. நம் ஊர்ப் பகல் கொஞ்சம்தான் மாறுகிறது. அந்தக் கொஞ்சமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

கிளம்பும் மாதத்தைக் கடிகாரம் தீர்மானிக்கிறது. கிளம்பும் நாளைத் தீர்மானிப்பவை வயிறும் காற்றும்.

கிளம்புவதற்கு முன் உடம்பில் நடப்பது

மார்ச் நடுவில், காலை ஆறரை மணிக்கு, உப்பளத்தின் முதல் பெரிய பாத்தியின் விளிம்பில் ஒரே இனத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். வளைமூக்கு உள்ளானே போதும். ஜனவரியில் இவை எல்லாம் ஒரே சாம்பல், வயிறு வெள்ளை. புதிதாகப் பார்ப்பவருக்குப் பத்து இன உள்ளானும் ஒன்றுபோலத் தெரியும் நிறம் அது. இப்போது பார்த்தால் ஒன்றின் நெஞ்சில் மட்டும் செங்கல் பொடி தூவியது போல நாலைந்து இறகு. பக்கத்தில் நிற்பது பாதி சிவப்பு, பாதி வெள்ளை, ஏதோ சரியாகச் சாயம் ஏறாத துணி மாதிரி. அதற்கு அடுத்தது முகம் முதல் வயிறு வரை செங்கல் நிறம். ஏப்ரல் கடைசியில் மிச்சமிருப்பவற்றில் முழுச் சிவப்பு கூடிக்கொண்டே போகும். இது இனப்பெருக்க இறகு. தூந்திரத்தில் இணை சேர்வதற்காக இங்கேயே உடுத்திக்கொண்டு போகும் உடுப்பு.

நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிட முக்கியமான மாற்றம் இறகுக்கு அடியில் நடக்கிறது.

1. கொழுப்பு. வளைமூக்கு உள்ளான் மற்ற நாட்களில் 55 முதல் 60 கிராம். கிளம்பும்போது 80 கிராமை எட்டலாம். இருபது சொச்சம் கிராம் இருக்கும் கொசு உள்ளான் முப்பதைத் தாண்டலாம். அறுபது கிலோ ஆள் சில வாரங்களில் தொண்ணூறு கிலோவாகி, உடனே மாரத்தான் ஓடக் கிளம்பினால் எப்படியோ, அப்படி.

2. ஏன் கொழுப்பு? ஒரு கிராம் கொழுப்பு தரும் ஆற்றல், ஒரு கிராம் மாவுச்சத்து தருவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. குடிக்க வழியில்லாத பயணத்தில் அதுவும் உதவுகிறது.

3. உறுப்புகள். தின்று தீர்க்கும் வாரங்களில் இரைப்பையும் ஈரலும் குடலும் பெருக்கின்றன. நெடுந்தூரம் போகும் சில இனங்களில் கிளம்பும் நேரத்தில் அதே செரிமான உறுப்புகள் சுருங்கிவிடுகின்றன. பறக்கும்போது அவை வெறும் சுமை. மார்புத் தசையும் இதயமும் பெருக்கின்றன. பட்டைவால் மூக்கன் இதில் கைதேர்ந்தது. 2022இல் ஓர் இளம்பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில், வழியில் எங்கும் இறங்காமல் கடந்தது.

இதிலிருந்து தெரிவது: மார்ச், ஏப்ரலில் ஒரு பறவைக்கு வேண்டிய இரை ஜனவரியில் வேண்டியதைவிட அதிகம். சதுப்பில் தண்ணீர் ஆகக் குறைந்துபோவதும் அந்த மாதங்களில்தான்.

காற்றும் அந்தி நேரமும்

வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கரையில் வாடை அடிக்கும். வடக்கே போகிற பறவைக்கு அது எதிர்க்காற்று. மார்ச் முடிவில் காற்று திரும்பும். தெற்கிலிருந்து வருவதை மீனவர்கள் சோழகம் என்பார்கள். வடக்கே போகும் பறவையை அது பின்னாலிருந்து தள்ளும். பின்காற்றில் பறந்தால் அதே கொழுப்பில் அதிக தூரம் போகலாம், எதிர்க்காற்றில் கிளம்பினால் பாதி வழியில் தீர்ந்துவிடும்.

கரைப்பறவைகள் பெரும்பாலும் அந்திசாயும் நேரத்தில் கிளம்பும். பார்த்தால் மறக்காது. மாலை ஐந்தரைக்கு மேல் ஒரு கூட்டம் மேய்ச்சலை நிறுத்திவிட்டு இறகு கோதும், அமைதியில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். சட்டென்று எழும். அன்றாடம் ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும்போது தாழ்வாகத்தான் போகும், சற்று தள்ளி இறங்கிவிடும். இது அப்படியல்ல. கூவிக்கொண்டே செங்குத்தாக உயரும், கலைந்து கலைந்து வரிசை சேரும், வடக்கே திரும்பும். சில பறவைகள் நடுவில் பிரிந்து கீழே வந்துவிடும். இன்னும் தயாராகாதவை என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் வானம் காலி. மறுநாள் காலையில் வந்தவர்தான் ‘நேற்று இருந்தது, இன்று இல்லை’ என்பார்.

போகாதவையும் புதிதாக வருபவையும்

எல்லாம் போய்விட்டதா என்றால் இல்லை. மே, ஜூனிலும் கோடியக்கரையில் கரைப்பறவை இருக்கும். பல இனங்களில் முதல் வயதுப் பறவைகள் வடக்கே போவதே இல்லை. சிவப்பு உடுத்தாமல், சாம்பல் இறகோடே கோடையை இங்கே கழிக்கும். இவற்றைப் பார்த்து ‘காயம்பட்டுப் பின்தங்கிய பறவை’ என்று பரிதாபப்படுவது உண்டு. பெரும்பாலானவை இளசுகள்தான், ஒரு குறையும் இல்லை.

இன்னொரு பக்கம், இலங்கையில் பனிக்காலம் கழித்த காட்டுப் பறவைகள் 60 கி.மீ. அளவுள்ள நீரிணையைக் கடந்து இந்தக் கரையில் ஏறும். இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் ஆறுமணிக்குருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏப்ரலில் கோடிக்காட்டின் புதருக்குள் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். சேற்றையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

அப்புறம், இங்கேயே பிறந்து இங்கேயே வளரும் ஒரு சிறு பறவை. கென்டிஷ் உப்புக்கொத்தியின் உள்ளூர் வகை என்று நெடுநாள் நினைத்திருந்த இதை, இலங்கை, பிரிட்டன் ஆய்வாளர்கள் 2023இல் தனி இனம் என்று காட்டி அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் உலகம். ராமர் பாலத்தின் இரு கரையிலும் வாழ்வதால் அந்தப் பெயர் பொருத்தம்தான். விருந்தாளிகள் மூட்டை கட்டும் அதே வாரங்களில் இது முட்டையிடுகிறது. கூடு என்று ஒன்றும் இருக்காது. மணலில் உள்ளங்கை அளவு குழி, அதில் இரண்டு மூன்று முட்டை. மணல் நிறம், மேலே கரும்புள்ளி. ஒரு சாண் தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. நீங்கள் போகப் போக ஒரு சிறு பறவை இறக்கை ஒடிந்தது போல முன்னால் தத்தித் தத்தி ஓடினால், அதன் பின்னால் போகாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். முட்டை உங்கள் காலடியில் இருக்கிறது.

‘குறைந்துவிட்டது’ என்று எப்போது சொல்லலாம்?

குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான்.

1. ஜனவரியையும் ஏப்ரலையும் ஒப்பிடக் கூடாது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. வலசை அடங்கி, பறவைகள் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் மாதம் என்பதால் அப்படி வைத்தார்கள். ஜனவரியை ஜனவரியோடு, ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஏப்ரல் மூன்றாம் வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

2. ஓராண்டுச் சரிவு எதையும் நிரூபிக்காது. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. டைமிரில் லெம்மிங் என்ற எலி போன்ற சிறு பிராணி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பிறகு சரியும். அது பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரியும் வேட்டைப் பறவைகளும் அதையே தின்று வயிறு நிரப்பிக்கொள்ளும், உள்ளான் குஞ்சுகள் தப்பிக்கும். லெம்மிங் சரிந்த ஆண்டில் நரி உள்ளான் கூட்டைத் தேடிப் போகும். அந்த ஆண்டு தெற்கே வரும் இளம்பறவைகள் மிகக் குறைவாக இருக்கும். அடுத்த கோடையில் நம் சதுப்பில் தங்கும் சாம்பல் நிற இளசுகளும் குறைவாக இருக்கும். ஆக, வேதாரண்யத்தில் ஜூன் மாதம் நீங்கள் எண்ணும் தொகையில் சைபீரிய எலிக்கும் பங்குண்டு. உப்பளத்தைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

3. வறண்ட ஆண்டா, மழை ஆண்டா என்று பார்க்க வேண்டும். பெருமழை ஆண்டில் தண்ணீர் ஆழமாக நிற்கும். கொசு உள்ளானின் கால் நீளம் சில சென்டிமீட்டர்தான், ஆழத்தில் நிற்க முடியாது. அது வேறு இடம் தேடிப் போயிருக்கும், செத்திருக்காது.

4. பல ஆண்டுகள், பல இடங்களில், ஒரே திசையில் சரிந்தால் அது உண்மையான சரிவு. அப்படித்தான் நடந்துகொண்டும் இருக்கிறது. 2024 அக்டோபரில் வெளியான, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் 16 வலசைக் கரைப்பறவை இனங்கள் முன்பைவிட மோசமான நிலைக்கு மாற்றப்பட்டன. வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் ‘அழியவாய்ப்புள்ளவை’ என்ற படிக்குப் போயின. கல்திருப்பி ‘அச்சுறுத்தலை நெருங்கியவை’ என்ற படிக்கு வந்தது. மூன்றுமே நம் கரைக்கு வருபவை.

ஏப்ரலில் பறவை இல்லாதது இயல்பு. அந்த இயல்பைக் காட்டி, ஆண்டாண்டாக நடக்கும் சரிவை ‘எல்லாம் வலசை போயிருக்கும்’ என்று ஒதுக்குவதும் நடக்கிறது. முதல் தவறைவிட இதுதான் ஆபத்தானது என்பேன்.

மார்ச், ஏப்ரலில் இரை எங்கே இருக்கிறது?

இயற்கைச் சதுப்பு வற்றிய பிறகு ஈரம் மிஞ்சுவது உப்பளத்தின் பாத்திகளில். உப்பளம் பறவைக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால், எந்தப் பாத்தி என்று திருப்பிக் கேட்க வேண்டும். தண்ணீரை முதலில் தேக்கும் பெரிய பாத்தியில் உப்பு கடலளவில்தான் இருக்கும். சிறு மீன், புழு, இறால் வகை எல்லாம் கிடைக்கும். அடுத்தடுத்த பாத்திகளில் உப்பு ஏற ஏற மீன் மறையும். உப்புநீர் இறாலும் உப்பு ஈயின் புழுவும் மட்டும் தாக்குப்பிடிக்கும். போட்டிக்கு ஆளில்லாததால் அவை கோடிக்கணக்கில் பெருகும், பூநாரைக்கும் கொசு உள்ளானுக்கும் அது விருந்து. உப்பு படியும் கடைசிப் பாத்தியில் ஒன்றும் இல்லை. அங்கே நிற்கும் பறவை ஓய்வெடுக்கிறது, அவ்வளவே.

அதனால் உப்பளமே எதிரி என்று சொல்வது அவசரம். முதல், நடுப் பாத்திகளில் மார்ச் முதல் மே தொடக்கம் வரை விரற்கடை ஆழத் தண்ணீர் நின்றால் அதுவே பெரிய உதவி. தண்ணீரை ஒரேயடியாக ஆழமாக்கினாலும், ஒரேயடியாக வடித்தாலும், கொழுக்க வேண்டிய வாரங்களில் மேய்ச்சல் போய்விடும்.

தொந்தரவும் அப்படித்தான். நாயோ பைக்கோ டிரோனோ ஒரு கூட்டத்தைக் கிளப்பினால், பறவை இரண்டு முறை நஷ்டப்படுகிறது: பறந்ததில் கொழுப்பு எரிகிறது, தின்ன வேண்டிய நேரமும் போகிறது. படத்துக்காகக் கூட்டத்தை வேண்டுமென்றே பறக்கவிடுபவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

உங்கள் ஊர்க் கரையில் எப்படிப் பார்ப்பது

கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அடையாறு முகத்துவாரம், பழவேற்காடு, கழுவேலி, தனுஷ்கோடி, தூத்துக்குடி உப்பளம் எதுவானாலும் சரி. ஐந்து இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட ஓரிடத்துக்குப் பத்து முறை போவது பயன் தரும்.

1. பிப்ரவரி கடைசி முதல் மே நடு வரை வாரம் ஒரு முறை. ஒரே பாதை, ஒரே நேரம். காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கானல் ஆட்டத்தில் பைனாகுலரில் நிறமே தெரியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

2. பூஜ்யத்தையும் எழுதுங்கள். ‘இன்று கடற்காகம் இல்லை’ என்பதும் ஒரு தகவல். கடைசியாகப் பார்த்த தேதி அதிலிருந்துதான் கிடைக்கும்.

3. ஒரே ஓர் இனத்தை எடுத்துக்கொண்டு, நூறு பறவையில் எத்தனை சாம்பல், எத்தனை பாதி நிறம், எத்தனை முழு நிறம் என்று எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கையைவிட இந்த விகிதம் அதிகம் பேசும். ஏப்ரலில் முழு நிறப் பறவை குறைந்து சாம்பல் மட்டும் மிஞ்சினால், பெரியவை கிளம்பிவிட்டன என்று அர்த்தம்.

4. கால்களைப் பாருங்கள். உலோக வளையமோ நிறக் கொடியோ இருந்தால் எந்தக் கால், எந்த நிறம், என்ன எழுத்து என்று குறித்து, மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கலாம். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடும் அமைப்பு அது.

5. பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நிறுத்துங்கள். அதுதான் எல்லை.

ஏட்டை மே மாதத்தோடு மூடிவிட வேண்டாம். வளைமூக்கு உள்ளானில் ஆண் அடைகாப்பதில்லை. இணை சேர்ந்த கையோடு, ஜூலைத் தொடக்கத்திலேயே தூந்திரத்தை விட்டுக் கிளம்பிவிடும். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும், சாயம் வெளுத்து இறகு நைந்த நிலையில் சில சிவப்பு உள்ளான்கள் உங்கள் சேற்றில் வந்து இறங்கினால், இரண்டரை மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் ‘கடைசி’ என்று எழுதிய பறவைகளாகவே அவை இருக்கலாம்.